சிஞ்ஞோரின் தடத்தில் போன நாள்

பிள்ளையள், பனி பார்க்கக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி இந்தக் கிழமையும் கேட்டீங்கள். "அப்பா பயந்தாங்கொள்ளி" எண்டு சின்னவள் சொல்லிச் சிரிச்சாள். ஓம், பயம்தான். ஏனெண்டு எழுதுறன்.

ஒரேத்தோத் தெருவில் நான் வேலை செய்யிற வீட்டு ஐயா, நான் சிஞ்ஞோர் எண்டு கூப்பிடுறவர், பனிச்சறுக்குக் கட்டை பூட்டி மதோனியே மலையில் ஏறுகிறவர். போன மாசியில் அவரின்ர கூட்டாளிக்குக் காய்ச்சல். தனியப் போகக்கூடாது எண்டு என்னைக் கேட்டார். பனிக்குள் புதைஞ்ச ஆளைத் தேடிப் பிடிக்கிற சின்னக் கருவி ஒன்றை என்ர நெஞ்சில் கட்டிவிட்டார்.

ஒரு சரிவைக் கடக்க முதல் அவர் குழி வெட்டிக் காட்டினார். மேலே காற்று அடிச்சு இறுக்கின பனி, பலகை மாதிரி. அடியில் இருந்தது சீனி மாதிரி, கையில் ஒட்டாமல் கொட்டுண்டது. பாரம் கூடினால் மேல்பலகை அப்படியே சறுக்கி இறங்குமாம்.

"ஓரத்தால கடப்பம். ஒராள் போய் முடிஞ்சாப் பிறகுதான் மற்ற ஆள். நான் கை காட்டுவன்."

"ஓம் சிஞ்ஞோர்."

அவர் போனார். காற்று நிண்டுட்டுது. என்ர மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. அவர் கை காட்ட முதலே கால் அவரின்ர தடத்தில் தன்பாட்டில் நடக்கத் தொடங்கினது. வன்னியில் மிதிவெடி நிலத்தால் நானும் உங்கட அம்மாவும் வந்தது அப்படித்தான்: முன்னால போறவரின் அடியிலேயே அடி வை, பின்தங்காதே.

பாதி வழியில் பனி மூச்சு விட்டது. "ஹூம்ம்" எண்டு, காலுக்கடியில், பெரிய மாடு ஒன்று படுக்கிற மாதிரி. நான் ஒரு விரலளவு கீழே இறங்கினன். எனக்கு மேலே நூல் மாதிரி ஒரு வெடிப்பு சத்தமில்லாமல் ஓடினது.

சிஞ்ஞோர் திரும்பினார். கத்தேல்லை. மெல்லமாய்க் கேட்டார்:

"உம்மை அங்கையெல்லோ நிக்கச் சொன்னனான்?"

"உங்கட தடம்தானே பத்திரம்?"

"என்ர பாரத்தைத் தாங்கினது ரெண்டு பேரையும் தாங்குமே? ரெண்டு பேரும் புதைஞ்சால் ஆர் தோண்டுறது? அசையாதையும்."

அவர் சரிவின்ர அந்தக் கரையில் இருந்த பாறைக்குப் போய்ச் சேருமட்டும் நிண்டன். அடியில் சீனி கொட்டுண்டமாதிரி ஒரு சரசரப்பு. கை தெரிஞ்சதும் நடந்தன்.

மற்றப் பக்கத்துக் காட்டால் சுத்தி இறங்கிக் காருக்கு வந்து திரும்பிப் பார்த்தால், எங்கட தடம் சரிவில் பாதியோடு முடிஞ்சிருந்தது. மிச்சப் பனி சரிஞ்சு கீழே குவிஞ்சு கிடந்தது. விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவேயில்லை.

ஞாயிறு கூட்டிக்கொண்டு போறன், சமதரைக்கு மட்டும். அங்கையும் நான் கை காட்டுமட்டும் எனக்குப் பின்னால வராதேங்கோ.