கருப்பிக்கு ஞாயிறு வரைக்கும் டைம்

போன வாரம் ஆபீஸிலிருந்து வந்ததும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். அடை உட்கார்ந்திருந்த எங்கள் கோழி கருப்பி, கூடையை விட்டு இறங்கப் பார்த்தது. இரண்டு அடி வைத்தது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது.

ஓடிப் போய்த் தூக்கினேன். என் கையில் ஏதோ ஊர்ந்தது... செல்! கோழியின் ரத்தத்தைக் குடிக்கும் பொடிப் பூச்சி. இறகைப் பிரித்தால் தோல் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஓர் ஊரே குடியிருக்கிறது. சிவப்பாக இருக்க வேண்டிய கொண்டை, வெளுத்த துணி மாதிரி இருந்தது. கோழி மண்ணில் புரண்டு குளித்தால் செல் உதிரும். ஆனால், முட்டைகளை விட்டு எழுந்தால்தானே குளிக்க?

இத்தனைக்கும் அவை கருப்பியின் முட்டைகளே அல்ல. பக்கத்து வீட்டுக் கலா அக்காவுடையவை. கல்யாணமாகி வரும்போது தாய் வீட்டிலிருந்து அக்கா கூடையில் கொண்டுவந்த சிறுவிடைக் கோழியின் வம்சம். கோடையில் வந்த கழிச்சல் நோயில் எல்லாம் போய், மிஞ்சிய ஒரே பெட்டையையும் கீரி தூக்கிக்கொண்டு போனது. அது இட்டு வைத்த முட்டைகள்தான் மிச்சம். அவரிடம் அடை வைக்கக் கோழி இல்லை. எங்களிடம் கருப்பி இருந்தது.

அம்மா கருப்பியைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"இது தேறாதுடி. உசுரு இருக்கும்போதே அறுத்துட்டா கொழம்பாவது ஆவும்."

"எம்மா! நோயாளியப் பத்தி இப்படியா பேசுவ?"

"நோயாளியா? வாரம் தவறாம கோழிக் கொழம்பு கேட்டு உசுர வாங்குறவதானேடி நீ?"

"ஞாயித்துக்கிழம வரைக்கும் டைம் குடும்மா" என்றேன்.

"ஞாயிறோட சரி. அதுக்கு மேல போனா திங்கவும் ஆவாது, பொதைக்கத்தான் ஆவும்."

பேச்சுச் சத்தம் கேட்டுக் கலா அக்கா வந்துவிட்டார். முட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அம்மா பேசியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கால்நடை டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார் – செல்லுக்குப் பவுடர், ரத்தம் ஊற டானிக், மருந்து சொட்டுவிடும் பில்லரில் கேழ்வரகுக் கஞ்சி. முக்கியமாக, அடையை விட்டு எடுத்துவிட வேண்டும். இன்னும் உட்கார்ந்தால் செத்துப் போகும். சரி, எடுத்துவிட்டால் முட்டைகள்?

இங்கேதான் என் மூளை விழித்துக்கொண்டது. எனக்குச் சோறு போடுவதே டெம்பரேச்சர்தான்! மருந்து கம்பெனியில் குளிர் அறைகளின் வெப்பமானிகள் உண்மை பேசுகின்றனவா என்று சரிபார்ப்பது என் வேலை. பட்டியல் போடாமல் நான் பல்கூடத் தேய்க்க மாட்டேன் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். போட்டேன். தெர்மாகோல் பெட்டி, பல்பு, தெர்மோஸ்டாட், சென்சார், ஈரப்பதத்துக்குத் தண்ணீர்க் கிண்ணம். திருப்பிவிடும்போது குழம்பாமல் இருக்க, முட்டைகள் மேல் பென்சில் அடையாளம். நான் வேலைக்குப் போனால் அம்மா திருப்ப வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு கலா அக்கா வந்து, பெட்டிக்குள் ஓர் இரும்பு ஆணியை வைத்தார்.

"இது எதுக்குக்கா?"

"இடி இடிச்சா முட்ட கலங்கிடும். கூடைல வெக்கிறது இல்ல? இதுலயும் வெய்யி."

வைத்தேன். வாதாட நேரமில்லை.

அடுக்களை மேடையில் பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. கருப்பிதான் தேறவில்லை. அதே அடுக்களையின் மூலையில் அட்டைப்பெட்டிக்குள் கழுத்தைத் தொங்கவிட்டு, பாதிக் கண் மூடிக் கிடந்தது. பில்லரில் விட்டால் விழுங்கும். தானாக ஒரு பருக்கையைத் தொடாது. ஞாயிற்றுக்கிழமை காலையும் அப்படியே. அம்மா என்னைப் பார்த்தார். பிறகு குழம்புக்குத் தேங்காய் துருவ உட்கார்ந்தார்.

துருவி முடிப்பதற்குள் ஏரிப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. மழை. டமாரென்று இடி... கரண்ட் போய்விட்டது. எங்கள் இன்வர்ட்டர் பேட்டரி முன்பே கண்ணை மூடியிருந்தது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் வேலை செய்துகொண்டிருந்த ஒரே பொருள், கலா அக்காவின் ஆணிதான்!

கை வெப்பமானியில் டெம்பரேச்சர் இறங்க ஆரம்பித்தது. போர்வை சுற்றினேன். அம்மா வெந்நீர் போட எழுந்தார். கலா அக்கா நனைந்துகொண்டே ஓடிவந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம்.

கீ...

சென்சார் என்று நினைத்தேன். கரண்ட் இல்லாமல் அது எப்படிக் கத்தும்? குனிந்தால், முட்டை! ஓட்டில் கடுகளவு விரிசல். உள்ளே இருப்பது குளிரில் கத்துகிறது. இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கீ... கீ...

மூலையிலிருந்து பதில் வந்தது. அடித்தொண்டையில், மெதுவாக – க்ளக்.

மூன்று பேரும் அசையவில்லை. இத்தனை நாள் தலை தூக்காத கருப்பி தலையைத் தூக்கியிருந்தது. மறுபடி கீ. மறுபடி க்ளக். எழுந்தது. விழுந்தது. இறக்கையைத் தரையில் ஊன்றி மறுபடி எழுந்தது.

"வெய்யிடி! அதுங்கிட்ட கொண்டு போயி வெய்யி!" என்றார் கலா அக்கா.

"இருக்கா, ரீடிங் பாத்துட்டு..."

"ரீடிங்காம் ரீடிங்கு! அது கூப்புடுது, இது இன்னான்னு கேக்குது. நடுவுல நீ யாருடி?"

வைத்தேன். கருப்பி அலகால் ஒவ்வொரு முட்டையாக நெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டது. பென்சில் அடையாளமெல்லாம் அதற்குத் தேவைப்படவில்லை. இறகை விரித்து, அகலமாகி, அமர்ந்தது. கீச்சொலி அடங்கியது. அம்மா தேங்காய்க் கையோடு பார்த்துக்கொண்டே நின்றார்.

டானிக் வேலை செய்ய ஆரம்பித்த நேரமாக இருக்கலாம். டெக்னிக்கலாக அதுதான் சரியான விளக்கம். ஆனாலும் எனக்குப் புல்லரித்துவிட்டது. பெட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்ட சூட்டைக் கொடுத்தது. ஆனால் அதற்குக் காது இல்லை. ஒரு முட்டைக்கு என்னென்ன தேவை என்று பார்த்துப் பார்த்துப் பட்டியல் போட்டேனே... கூப்பிட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே?

சாயங்காலம் கரண்ட் வந்தது. பெட்டிப் பக்கம் யாரும் போகவில்லை.

மறுநாள் காலை, இறக்கைக்கு அடியிலிருந்து குட்டிக் குட்டித் தலைகள் எட்டிப் பார்த்தன. இரண்டு முட்டைகள் பொரியவில்லை. மற்றதெல்லாம் உயிர். அம்மா நொய் தூவினார். கருப்பி ஒன்றைக் கொத்தி எடுத்தது, கீழே போட்டது, குஞ்சுகளைக் கூப்பிட்டது. மறுபடி எடுத்தது, போட்டது. குஞ்சுகள் தின்னத் தொடங்கிய பிறகு, மெதுவாக, தானும் விழுங்கியது.

கலா அக்கா ஆசையாக ஒரு குஞ்சை எடுக்கக் கை நீட்டினார். அவ்வளவுதான்! சிலிர்த்துக்கொண்டு பாய்ந்தது கருப்பி. ஒரே கொத்து. விரலில் ரத்தம்.

"ஐயோ அக்கா!"

"சும்மா இருடி" என்றார், விரலை வாயில் வைத்துக்கொண்டு. சிரிக்கிறார், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. "தேறிடுச்சி உன் கோழி. வளத்து அதுவா பிரிச்சி வுடட்டும், அப்பால வாங்கிக்கிறேன். ஆமா... ஆணி வெச்சது நல்லதாப் போச்சி பாத்தியா?"

ஞாயிற்றுக்கிழமை துருவிய தேங்காய் என்ன ஆயிற்று என்கிறீர்களா? இட்லிக்குச் சட்னி.