மேஸ்திரி மட்டம் செய்த தளம்

ஹெப்பகோடியில் நான் இன்ஜினியராக இருந்த சைட்டில் ஒரு மேஸ்திரி இருந்தார். சிமெண்ட் படிந்து வெளுத்த புருவம், கையில் எப்போதும் கரணை. ஈரக் கலவையை மேடுபள்ளமாக விட்டுப் போக அவருக்கு மனசு வராது.

முதல் மாடிக்குத் தளம் போடும் நாள். ஊருக்குப் போயிருந்த வேலையாட்கள் போனில் “ரயில்ல வந்துட்டிருக்கோம்” என்றதை நம்பி, கான்கிரீட் லாரியை வரவழைத்துவிட்டேன். ஒருவரும் வரவில்லை. கலவை இறுகத் தொடங்கியதும், பின்னாலிருந்த காலி இடத்தில் கொட்டச் சொன்னேன்.

சற்று நேரத்தில் பார்த்தால், மேஸ்திரி அங்கே குந்தி அதைக் கரணையால் மட்டம் செய்துகொண்டிருந்தார்.

“வேஸ்ட்டுக்கு எதுக்கு மேஸ்திரி இவ்ளோ வேலை?”

“மேல போடத்தான் ஆளில்லையே சார்” என்றார், நிமிராமலே.

அடுத்த வாரம் அவரும் வரவில்லை. அந்த சைட்டில் இன்றுவரை முழுதாக முடிந்த தளம் அது ஒன்றுதான்.