என் ரத்தத்துக்கு இரண்டு ரிப்போர்ட்

சித்தூரில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் ஒன்பது வருஷம் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே அடிக்கடி வந்துபோன லேப் கம்பெனிக்காரர் ஒருவர்தான் சொந்தமாக ரத்தப் பரிசோதனை சென்டர் வைக்கச் சொன்னார். "பேர் எங்களுது, மிஷினு எங்களுது. நீங்க ரத்தம் எடுத்து அனுப்பினா போதும் மேடம்." நகரியில் என் அப்பாவுக்கு, நைனாவுக்கு, ஒரு வீட்டுமனை இருந்தது. அதை விற்று டெபாசிட் கட்டினார்.

ஒப்பந்தம் ஐம்பது பக்கத்துக்குக் குறையாது. எல்லாம் இங்கிலீஷ். கையெழுத்து வேண்டிய இடங்களில் கம்பெனிக்காரர் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார். அவர் பக்கத்தைத் திருப்பத் திருப்ப நான் போட்டுக்கொண்டே போனேன். "ஒரு வக்கீலுகிட்ட காட்டிட்டு வர்றோமே" என்றார் என் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமையோடு சலுகை முடிகிறது என்றார் கம்பெனிக்காரர். நான் அடுத்த மஞ்சள் சீட்டுக்குப் போனேன்.

திருப்பதியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. காலையில் எடுத்த ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்து மத்தியான பஸ்ஸில் சென்னைக்கு அனுப்புவேன். மறுநாள் ரிப்போர்ட் போனுக்கு வந்துவிடும். முதல் வருஷம் நன்றாகவே போனது. பிறகு ரிப்போர்ட்டுகள் தாமதமாக வந்தன. அப்புறம் திடீரென்று சீக்கிரமாக வர ஆரம்பித்தன. பஸ் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே வந்தன. கம்பெனி திருந்திவிட்டது என்று நினைத்தேன்.

வடமாலபேட்டையிலிருந்து மாதாமாதம் சர்க்கரை பார்க்க வரும் ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமா இது, போன மாசமும் இதே நம்பரு, இந்த மாசமும் இதே நம்பரு?"

"நல்லதுதானே அண்ணா. கன்ட்ரோல்ல இருக்குது."

"ஒரு மாசமா மாத்திரையே துன்னலமா நானு. நார்மல்னு போட்டுக்கினே இருக்குதே, எதுக்கு துன்றதுன்னு வுட்டுட்டேன்."

அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு என் கையில் நானே ஊசி குத்தி இரண்டு செட் குழாய்களில் ரத்தம் எடுத்தேன். ஒன்றில் என் பெயர். இன்னொன்றில் இல்லாத ஓர் ஆணின் பெயர், வயது ஐம்பத்திரண்டு. இரண்டையும் மத்தியான பஸ்ஸில் அனுப்பினேன். சாயங்காலமே இரண்டு ரிப்போர்ட்டும் வந்தன. என் ஹீமோகுளோபின் பன்னிரண்டு. அந்த இல்லாத ஆளுக்குப் பதினாலரை. அவருக்குக் கொஞ்சம் கொழுப்பும் இருந்தது. ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பிக்கான பரிசோதனையும் அந்தப் பேக்கேஜில் உண்டு. அதுவும் அந்த வயது ஆணுக்கு இருக்கவேண்டிய அளவில் இருந்தது.

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. கடையைப் பெருக்கினேன். மறுநாள் வந்த நாலு பேரையும் மிஷின் ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கம்பெனிக்காரருக்குப் போன் செய்தபோது "சிஸ்டம் எரர் மேடம்" என்றார். அதற்குப்பின் அவர் எடுக்கவே இல்லை.

சித்தூர் கோர்ட்டுப் பக்கம் இருந்த வக்கீல் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தார். நான் எதிரே உட்கார்ந்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத்த படிச்சிட்டாமா கையெழுத்து போட்ட?"

"இல்ல சார்."

"ரிப்போர்ட்டுல தப்பு வந்தா சென்டர்தான் பொறுப்புன்னு போட்டுக்கிறான். லைசென்சும் உன் பேருல கீது. மூணு வருஷம் முடியறதுக்குள்ள வெளிய வந்தா டெபாசிட்டு கெடையாது. தகராறுன்னா டெல்லிக்குத்தான் போவணும்." கண்ணாடியைக் கழற்றினார். "யாருகிட்டயும் வாயத் தொறக்காத. நீயே போன் பண்ணி ரிப்போர்ட்டு பொய்யின்னு சொன்னின்னா, அதுவே உனுக்கு எதிரா சாட்சி."

பஸ்ஸில் திரும்பும்போது என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். "அவரு சொல்றத கேளு. நாம எதுக்கு மாட்டிக்கினு சாவறது?"

மறுநாள் காலை கடையைத் திறந்து, ரத்தம் கொடுத்தவர்களின் பெயரும் நம்பரும் எழுதிய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முதல் பெயரிலிருந்து போன் செய்தேன். வேறு இடத்தில் மறுபடி டெஸ்ட் எடுங்கள் என்று தமிழிலும் தெலுங்கிலும் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன். தைரியம் என்றெல்லாம் எதுவும் இல்லை. ஊசி குத்துவது மாதிரி, கை பழகியதைச் செய்தது. சிலர் திட்டினார்கள். ஒரு பெண், கர்ப்பிணி, எந்தெந்த டெஸ்ட் என்று திரும்பத் திரும்பக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஆட்டோக்காரர் "சரிமா" என்று வைத்துவிட்டார். மூன்றாம் நாள் அவரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அவர் மனைவி கடைக்கு வந்து போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

கம்பெனி, தங்கள் பெயரைக் கெடுத்ததாக எனக்கு நோட்டீஸ் அனுப்பியது. கடையைக் காலி செய்தபோது அதன் சொந்தக்காரர் மீதி மாதங்களுக்கென்று அட்வான்ஸைப் பிடித்துக்கொண்டார். நுகர்வோர் கோர்ட்டில் கம்பெனி மேல் நான் போட்ட கேசில் இதுவரை நாலு வாய்தா. என் மேலும், என்னிடம் டெஸ்ட் எடுத்த ஒருவர் கேஸ் போட்டிருக்கிறார். அதற்கும் போகிறேன்.

பழைய மருத்துவமனையிலேயே மறுபடி சேர்ந்திருக்கிறேன், முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. நைனா மனையைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. போன வாரம் சாப்பிடும்போது, "வாய்தா என்னிக்கிமா?" என்று மட்டும் கேட்டார். "அடுத்த மாசம்" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார்.