சைபர் காட்டிய மழைமானி

காலை ஏழு மணிக்கு ஜார்ஜ்டவுனின் சூலியா தெருவில் ரொட்டியும் தேநீரும் முடித்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன். தீவிலிருந்து எதிர்க்கரைப் பட்டர்வொர்த் போகக் கட்டணமில்லை. திரும்பி வரத்தான் காசு. பணக்கார நாடுகள் வாங்கிக் கொடுத்த வானிலைக் கருவிகள் மற்ற நாடுகளில் என்ன கதியில் இருக்கின்றன என்று பார்த்து எழுதுவது எண்பதுகளில் என் வேலை. மதராஸிலிருந்து அதற்காகவே வந்திருந்தேன்.

அக்கரையில் பாகான் டாலாமில் பிடித்த டாக்சிக்காரர் பதினைந்து வெள்ளி வாடகை கேட்டார். “மழை அளக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? இங்க தினம் பெய்யுதுலா, அண்ணே!” என்று சிரித்தார்.

ஆற்றைப் படகில் கடந்து பத்து காவான் என்ற தோட்டத்தை அடைந்தபோது மணி பத்து. தோட்ட ஆபீஸ் எழுத்துவேலை பார்க்கும் கிராணி சிவபாதம் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சலவைச் சட்டை, அளந்த பேச்சு.

வேலிக்குள் தானியங்கி மழைமானி பளபளவென்று நின்றது. கெட்டுப்போய் இரண்டு வருஷம். எவ்வளவு கொட்டினாலும் சைபர் என்றே நகரத்து அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. நிதி புதுக் கருவி வாங்க மட்டும்தானாம், பழுது பார்க்க இல்லையாம். கிராணியோ பழைய கண்ணாடிக் குவளையில் தினமும் எட்டு மணிக்கு மழையை அளந்து எழுதி அனுப்புகிறார். கருவி உள்ள இடத்தில் கையால் அளந்தது செல்லாது என்று அத்தனையும் திரும்பி வருகிறது.

“போன வெள்ளத்துல, ஆறு ஏறுது, லயத்துச் சனத்த ஏத்த லாரி அனுப்புங்கன்னு டவுன் ஆபீஸுக்குப் போன் போட்டேன் சார். உங்க மெஷின் சைபர் காட்டுதே, மழையே இல்லையேன்னுட்டாங்க.” தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளைக் காட்டினார். “கடைசி வீட்டுப் பொண்ணும் கைப்பிள்ளையும் ஆத்தோட போயிட்டாங்க. கையால அளக்கிறதையும் ஏத்துக்கணும்னு ஒரு வரி எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

என் படிவத்தில் இருந்ததோ ஒரே கேள்வி: கருவி நிறுவப்பட்டதா? வேலை செய்கிறதா என்று கேட்க எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. ‘ஆம்’ என்று குறித்தேன், பொய்யில்லையே. கிராணி சொன்னதையெல்லாம் பின்பக்கத்தில் நெருக்கி எழுதினேன். அவர் வாசித்துவிட்டு என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

மாலை ஐந்து மணிப் படகில் ஜார்ஜ்டவுன் திரும்பினேன். எங்கள் ஊரிலும் புயலென்றால் ரேடியோவைத்தான் நம்புகிறோம். அந்த ரேடியோக்காரனுக்கு யார் சொல்கிறார்கள் என்று முதல் முறையாகப் பயம் வந்தது.

நான்கு மாதம் கழித்து, கருவிக்கு நிதி கொடுத்தவர்களிடமிருந்து மதராஸுக்குப் பதில் வந்தது. படிவத்தின் முன்பக்கத்தை மட்டும்தான் பதிவு செய்வார்களாம். அட, கர்மமே! பத்து காவான் கருவி வெற்றியாம். சுற்றுவட்டத் தோட்டங்களுக்கெல்லாம் அதே ரகக் கருவி போகப்போகிறதாம். இனி அங்கேயும் யாரும் கையால் மழை அளக்க வேண்டியதில்லை என்று முடித்திருந்தார்கள். ஆதாரம் என்ற இடத்தில் என் பெயர்.