என் சிக்னேச்சரோடு போன மெயில்

நான் ஆறாம் கிளாஸ் தாண்டாதவன். ஒரே ஒரு வேனோடு ஆரம்பித்து, ஒரகடத்தில் பாதி கம்பெனிக்கு ஆள் ஏற்றிச் செல்லும் அளவுக்கு வளர்ந்தேன். யார் தயவும் இல்லை!

ஷிஃப்டுக்கு ஆட்கள் வந்து சேர்ந்ததும் கம்பெனிக்கு மெயில் போட வேண்டும். நேரமானால் அது தானாகவே போகும்படி, ஆபீஸில் இருக்கும் ரேவதி கம்ப்யூட்டரில் மேக்ரோ என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதினாள். முதல் மெயிலில் என் சிக்னேச்சர் காணோம்.

"இன்னாம்மா, என் பேரு எங்க?" என்று குதித்தேன்.

மறுநாளே அடியில் என் பேரைக் கொண்டுவந்துவிட்டாள். "ஆனா வண்டி வந்துச்சான்னு மேக்ரோ பார்க்காது சார்" என்றாள்.

"என் வண்டி வராம எங்க பூடும்?"

ஒரு மழைநாள் காலையில், வாலாஜாபாத் ரோட்டில் என் வேன் பள்ளத்தில் கவிழ்ந்தது. உள்ளிருந்த பெண் ஒருத்தி கம்பெனிக்குப் போன் போட்டு உதவி கேட்டிருக்கிறாள். "எல்லாரும் வந்தாச்சுன்னு உங்க வண்டி ஓனரே மெயில் போட்டிருக்காரு. லீவுக்குக் கதை விடாதம்மா" என்று சூப்பர்வைசர் போனை வைத்துவிட்டாராம்.

நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. ஆஸ்பத்திரியில் கையில் கட்டோடு அவள் கேட்டாள்: "தண்ணிக்குள்ள கெடந்தோம்யா. வந்து சேந்துட்டோம்னு எப்படிய்யா சொன்னீக?"

அங்கிருந்தே ரேவதிக்குப் போன் போட்டு, மெயில் தானாகப் போவதை நிறுத்தச் சொன்னேன்.

இப்போதும் மேக்ரோதான் மெயிலைத் தயார் செய்கிறது, சிக்னேச்சரும் அடியில் இருக்கிறது. ஆனால் மெயில் திரையிலேயே காத்திருக்கும். ஒவ்வொரு டிரைவரின் குரலையும் கேட்ட பிறகு நான்தான் அனுப்புகிறேன். என் பேரைப் பார்த்து நானே பயப்படுவது அன்றிலிருந்துதான்.