இரண்டு முப்பத்தேழு

ஆய்வுக்கூடத்தில் அவரைத் 'துல்லியம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எலி அறைக்குப் பொறுப்பாளர். பதினாறு வருடமாகக் கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, குட்டிகளின் காதோரம் சின்னச் சின்ன வெட்டுகளால் அடையாள எண் இடுவது எல்லாம் அவர் கைதான். வீட்டில்கூட அடுப்பை மூன்று தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவார்.

அன்று காலை ஆராய்ச்சிக்காரப் பெண் வந்து நின்றதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பரம்பரையாகச் சிறுநீரகம் வீங்கும் எலிகள் அவை. பழுதான மரபணு எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். ஆனால் ஓர் இனத்தில் நோய் மளமளவென்று முற்றும், இன்னோர் இனத்தில் ஆமையாக நகரும். வேகத்தை மாற்றுகிற வேறு மரபணு எங்கோ ஒளிந்திருக்கிறது. இரண்டு இனத்தையும் கலந்து, முந்நூறு குட்டிகளின் வால் நுனியெடுத்து மரபணுவைச் சோதித்து அதைத்தான் தேடினாள்.

"கிட்டத்தட்ட பிடிச்சிட்டேன் அண்ணே. முப்பத்தேழு மட்டும் குறுக்க நிக்குது. மரபணுப்படி நோய் மெதுவா நகரணும். சிறுநீரகமோ வீங்கித் திராட்சைக் கொத்தா இருக்கு. இது நெசம்னா என் மூணு வருஷமும் பாழ். காது எண்ணுல தப்பு இருக்குமா?"

"என் எண்ணுல தப்பு வராதும்மா." வாய் முந்திக்கொண்டது.

வந்திருந்தது. சிறுநீரகம் பார்க்க அறுக்கும் நாளில் அந்தக் கூண்டில் இரண்டு முப்பத்தேழு இருந்தன. முப்பத்தெட்டுக்கு வெட்டு ஒன்று கூடுதல். சண்டையில் அதன் காது கிழிந்து அடுத்தடுத்த இரண்டு வெட்டும் ஒன்றாகிப்போயிருந்தது. இன்னொன்றின் காதும் கடிபட்டிருந்தது. எது எது என்று தெரியாமல், குத்துமதிப்பாக எழுதிவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது சொன்னால் பதினாறு வருடக் காது வெட்டுகளையும் யார் நம்புவார்கள்? கழுவிய கூண்டையே மறுபடி கழுவினார். மனைவிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

"சொல்லித் தொலைங்களேன்," என்றாள் அவள். "இல்லன்னா வீட்டுக்கு வந்து என் உயிரை வாங்குவீங்க."

கையுறையைக்கூடக் கழற்றாமல் போய்ச் சொன்னார். ஆராய்ச்சிக்காரப் பெண் பதிவேட்டில் முப்பத்தேழையும் முப்பத்தெட்டையும் பேனாவால் சுழித்தாள்.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை?"

"இது ஒண்ணுதான்."

"நம்பலாமா அண்ணே?"

அவமானம் காதுமடல் வரை சுட்டது. ஆனால் அவளுக்கு வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்?

"வேண்டாம்மா. எலி உடம்பு எல்லாமே உறைபெட்டியில கிடக்கு. முந்நூறையும் மறுபடி பாத்துடு."

மரபணுவை மறுபடி சோதிக்க அவள் கேட்டது அந்த இரண்டு எலிகளை மட்டும்தான். அவர் முதல் பையிலிருந்தே எடுத்து வரிசையாக அடுக்கத் தொடங்கினார். ஒன்றாம் எண்ணின் காதை வெளிச்சத்தில் பிடித்து அவளிடமே நீட்டினார்.

"நான் படிக்க மாட்டேன். நீ படி."