பூட்டுப் படமும் சகலையும்

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. காயில்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கருகின வாசனையை முகர்ந்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் சொந்த வீட்டு வாஷிங் மிஷினிடம் தோற்றுப் போனார்.

புது மிஷினில் திருகுவதற்கு ஒரு குமிழ்கூட இல்லை. வழவழவென்று ஒரு பலகை, அதில் பதினோரு படம். சட்டை இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, நத்தை மாதிரி ஒன்றும் இருக்கிறது. நத்தை எதற்கென்று வரைந்தவனுக்கே தெரியுமோ என்னவோ. அவ்வப்போது ஒரு பூட்டுப் படம் எரியும். அப்புறம் எதைத் தொட்டாலும் பீப் என்று கத்துமே தவிர, மிஷின் அசையாது.

முதல் தடவை பூட்டு எரிந்தபோது காயில்காரர் ஸ்குரூ டிரைவரைத்தான் எடுத்தார். எதையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை என்பது அவர் தொழில் பழக்கம். மோட்டார் வரை கழற்றினார். ஒரு குறையும் இல்லை. திரும்ப மாட்டியபோது இரண்டு ஸ்குரூ மிச்சமாகி, மிஷின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கம்பெனி ஆள் வர பத்து நாளானது.

அதிலிருந்து பூட்டு எரிந்தால் மனைவி தன் அக்கா வீட்டுக்காரருக்குத்தான் போன் போடுவாள். சகலை துணிக்கடையில் பில் போடுகிறவர். பல்பு மாற்றச் சொன்னால் ஸ்டூலைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் வந்து பலகையில் எங்கோ அழுத்துவார், மிஷின் சுற்றும். உடனே அவருக்கு டீ. "நீங்க இல்லேன்னா என் பாடு திண்டாட்டம்தான் அத்தான்" என்று பாராட்டு வேறு. இத்தனை வருடத்தில் தன்னை ஒரு வார்த்தை அப்படிச் சொன்னதுண்டா என்று காயில்காரருக்கு வயிறு பற்றி எரியும். சகலை எங்கே அழுத்துகிறார் என்று எட்டிப் பார்த்திருக்கலாம். அந்த ஆளிடம் போய்ப் பாடம் படிப்பதா என்று செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மறந்துவிட்டுப் போன போனை எடுக்கக் காயில்காரர் தன் கடையிலிருந்து வீட்டுக்கு வந்தார். மனைவி ஈரத்துணியால் மிஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி பட்டதும் பூட்டு எரிந்தது. அவள் அலட்டிக்கொள்ளாமல் இரண்டு கட்டைவிரலையும் நத்தை மேலும் நட்சத்திரத்தின் மேலும் வைத்து, மூன்று எண்ணும் நேரம் அழுத்தினாள். பூட்டு அணைந்தது.

"உனக்கே தெரியுமா?" என்றார் வாசலிலிருந்து.

அவள் திடுக்கிட்டாலும் மழுப்பவில்லை. அன்றைக்கு வந்த கம்பெனி ஆள்தான் காட்டிக்கொடுத்தானாம். இவர் வீட்டில் இருக்கும்போது பூட்டு எரிந்தால் மட்டும் அத்தானைக் கூப்பிடுவாளாம். அவர் கைவைத்த மிஷினை இவர் வீம்புக்காவது தொடமாட்டார். இன்னொரு பத்து நாள் கையால் துவைக்க அவளால் முடியாது.

"அப்ப சகலைக்கு யாரு சொன்னது?"

"நான்தான். அவங்க வீட்லயும் இதே மிஷின். எப்படின்னு கேட்டாரு, சொன்னேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?" என்று சொல்லிவிட்டு அவள் துணிகளை உள்ளே போட ஆரம்பித்தாள்.

இதுவரை சகலையின் விரல் மேல் இருந்த பொறாமை இப்போது அந்த ஆள் 'எப்படி' என்று கேட்ட ஒரு கேள்வியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. காயில்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு மிஷின் பக்கத்தில் வந்து நின்றார். எந்த இரண்டு படம் என்று கண்ணால் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் அவளிடம் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. வாய்தான் வரவில்லை.